தந்த எலி

அன்று காலையும் உயிர்மீட்பு நிலையத்தில் இரண்டு புலிகளும் ஒரு காகமும் பிறந்தன. நிலாக் குடியிருப்பில் அதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. பழைய எலும்பிலிருந்து மரபுச்சரத்தைப் பிரித்தெடுத்துச் செயற்கைக் கருப்பையில் வளர்த்தால், அழிந்துபோன விலங்கு எழுந்து வந்துவிடும். யானை மட்டும் பிடிவாதம் பிடித்தது. அதன் எலும்பு எங்கும் கிடைக்கவில்லை. பூமியில் மிஞ்சியிருந்த தந்தத்தையும் எப்போதோ சட்டம் போட்டு எரித்துவிட்டிருந்தார்கள்.

பழம்பொருள் என்ற சலுகையில் தப்பியவை நெட்சுகேக்கள். இடுப்புக் கச்சையில் பையைத் தொங்கவிட ஜப்பானியர் ஒரு காலத்தில் தந்தத்திலும் மான்கொம்பிலும் செதுக்கிய, கைக்குள் அடங்கும் விலங்குப் பொம்மைகள். சேகரிப்போர் சங்கம் பெரிய மனது பண்ணி அவற்றைத் தூளாக்கக் கொடுத்தது. எது தந்தம், எது மான்கொம்பு என்று பிரித்துச் சொன்னவர் சங்கத்தின் மதிப்பீட்டாளர் பொன்னுரங்கம். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தன்னிடமிருந்த எலிப் பொம்மையை மட்டும் மான்கொம்பு என்று சொல்லிவிட்டார்.

அது அசல் தந்தம். வாலைச் சுருட்டிக்கொண்டு அவரைக்கொட்டையைக் கடிக்கும் எலி. தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு அதன் முதுகு தேன் நிறத்தில் வழவழத்தது. கொடுக்க எப்படி மனசு வரும்?

நிலையத்தின் விஞ்ஞானி செண்பகவல்லி சோர்ந்துபோய் அவரிடம் வந்தாள். இறந்த கருவின் படத்தைக் காட்டினாள்.

"மறுபடியும் போயிடுச்சு அண்ணே. கெடைச்ச தூள்ல சரம் முழுசா இல்ல. இன்னும் ஒரே ஒரு தந்தம் இருந்தா பொழைச்சிடும்."

"அடப் பாவமே" என்றார் பொன்னுரங்கம். சட்டைப்பைக்குள் கையை விட்டு எலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சின்ன உடம்பு வந்து நின்றது. ஒரு பொம்மைக்காக உயிரைக் கொன்றுகொண்டிருக்கிறேனே என்று தன்னையே வெறுத்தார். கடைசியில் எலியைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தார்.

"இது மான்கொம்பு இல்லம்மா. பொய் சொல்லிட்டேன்."

அவள் நன்றி சொல்லி எலியை எடுத்துக்கொண்டாள். அதுதான் அவரை இன்னும் சுட்டது. எலி அரைபடும் சத்தத்தை நின்று கேட்டு அழுதார்.

குட்டி பிறந்த அன்று குடியிருப்பே திரண்டது. பொன்னுரங்கத்தை முன்வரிசைக்கு இழுத்துவிட்டார்கள். குட்டியின் தும்பிக்கை தடவித் தடவி அவர் விரலைப் பிடித்தபோது, செய்த பாவம் தீர்ந்தது என்றே நினைத்தார்.

"பொட்டைக் குட்டி அண்ணே!" என்றாள் செண்பகவல்லி பூரிப்புடன்.

இந்த இனத்தில் பெண் யானைக்குத் தந்தம் நீளாது என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாதா? அவர் முகம் விழுந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்ததாவது ஆணாப் பொறக்குமாம்மா?"

பின்னால் நின்ற சங்கத்தார் அத்தனை பேரும், அவள் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள்.