இரண்டாவது யூனிட்

கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் நாலே முக்காலுக்குக் காலிங்பெல் அடித்தது.

ரேணுகாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. சார்ஜ் தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று லேப்டாப்பின் முன்னால் குனிந்திருந்தாள். ஜப்பான்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்த ரத்தக்காட்டேரி அனிமே ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறாள். அதில் வரும் பிரபு தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இடி இடிக்கும். சன்னல் சாத்திய அறையில் எல்லாம் அசையாமல் இருக்க, அவன் மேலங்கி மட்டும் படபடவென்று பறக்கும். யாரையாவது வெட்டினால் தெருக்குழாய் உடைந்த மாதிரி ரத்தம் பீச்சும். அவனை வேட்டையாட வரும் நாயகன் தன்னைவிட நீளமான வாளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்பது பதினோரு எபிசோடு ஆகியும் அவளுக்குப் புரியவில்லை.

அந்தக் கூத்து அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இவ்வளவு வெட்கமில்லாமல் பயமுறுத்தப் பார்க்கிற ஒன்றிடம் கோபப்படவா முடியும்? பிரபுவுக்கு வேண்டுமென்றே நாடகத் தமிழ் எழுதினாள். 'அடி பேதைப் பெண்ணே, அழைக்காத வீட்டில் அடியெடுத்து வைப்பவன் நானல்ல' என்று அவன் சன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த அறையில் திவ்யா தூங்கிக்கொண்டிருந்தாள்.

திவ்யா அவள் தங்கை. அம்மா போன பிறகு திவ்யாவுக்குத் தாய்வீடு என்றால் செங்கல்பட்டில், ஏரியைப் பார்த்த இந்தத் தெருவில் இருக்கும் அக்கா வீடுதான். பெண்குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பிழைப்பாளா என்றே தெரியாமல் நர்சிங் ஹோம் வராந்தாவில் ரேணுகா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றித்தான் திரும்பக் கிடைத்தாள். அன்றிலிருந்து பகலெல்லாம் தூக்கம், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று எந்நேரமும் சாத்திய சன்னல். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று ரேணுகா தேற்றிக்கொண்டாள். தங்கையை இன்னொரு முறை இழக்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

மறுபடி பெல் அடித்தது. இந்த முறை உறைத்தது.

கதவைத் திறந்தாள். கார்த்திகை மழை கயிறு கட்டியது போல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தெரு இருட்டிக் கிடந்தது. வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி, வேட்டியும் சட்டையுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். திறந்தால் தெருமுனை வரை கிறீச்சிடும் இரும்பு கேட் சாத்தியபடியே இருந்தது.

"கடப்பாக்கம்மா நானு. எல்லப்பன். ஒந்தங்கச்சிக்கு ரத்தம் குடுத்தன்ல. பாத்துட்டுப் போலாம்னு வந்தன்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கும்பிடக் கையைத் தூக்கினாள். உள்ளே வாங்க என்று வாய் திறக்கப் போனவள், அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

துண்டு பறந்துகொண்டிருந்தது. மழை சாயவில்லை. வாசலில் தொங்கிய எலுமிச்சங்காய்கூட ஆடவில்லை. துண்டின் நுனி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து அவள் சிரித்த அதே கூத்து. இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்தாள். கணவன் ஜெகதீசன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தான். ரத்தத்துக்கு ஆள் பிடித்தது அவன்தான். கிசுகிசுப்பாக போனில் கேட்டாள். ஒரு யூனிட் தன்னுடன் வேலை பார்க்கும் ரெஜினா கொடுத்தது என்றான். இன்னொன்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு வந்த, கடலோரக் கடப்பாக்கத்துக்காரர் யாரோ. பொழுது சாய்ந்த பிறகு வந்தாராம், கொடுத்தாராம், நீட்டின ஜூஸைக்கூடத் தொடாமல் போய்விட்டாராம். நர்ஸ் சொன்னதுதான், தான் ஆளைப் பார்க்கவில்லை.

"வந்துகீறாரா? உள்ள கூப்ட்டு ஒக்கார வையி ரேணு. உசுரக் காப்பாத்துன மனுசன், வாசல்ல நிக்க வெச்சிகினுகீற."

திரும்பி வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உப்பங்கழிச் சேற்றின் வாடை வந்தது. கடல் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

தூங்குகிறாள் என்று ரேணுகா சொன்னாள். குழந்தையும் இப்போதுதான் கண்ணை மூடியது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். சொல்லச் சொல்ல முகம் அவமானத்தில் எரிந்தது. கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, உயிர் கொடுத்த மனிதரை மழையில் நிறுத்துகிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா? ஆனாலும் வாங்க என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நாக்குக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் தோளுக்கு மேலே, உள்ளறைக் கதவையே பார்த்தார்.

"எப்டி கீது?"

"தேவலண்ணா. எழுந்து நடக்கிறா."

"அத்தக் கேக்கலம்மா," என்றார். "என் ரத்தத்தக் கேட்டன்."

ரேணுகாவின் கை கதவின் விளிம்பை இறுகப் பற்றியது.  ஏரிப்பக்கம் தவளைகள் கத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தன.

"சரிம்மா. அப்போ நான் கெளம்பறன்."

சொன்னாரே தவிர அசையவில்லை. எதற்கோ காத்திருப்பவர் மாதிரி தலையைச் சாய்த்து நின்றார். போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு. தொலைந்தது சனியன் என்ற நிம்மதியில் மளமளவென்று சொன்னாள்.

"சரிங்கண்ணா. போய்ட்டு வாங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"வரன்மா," என்றார்.

கேட் கிறீச்சிடவில்லை. அடுத்த கணம் அவர் தெருவில் இருந்தார். அதற்கடுத்த கணம் அங்கேயும் இல்லை.

மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். வேலை பார்த்தால் படபடப்பு அடங்கும். சன்னலில் நிற்கும் பிரபுவை நாயகி விரட்டும் காட்சி. நாயகியின் வாய் நாலு முறை திறந்து மூடுகிறது, நாலு அசைவுக்குள் வசனம் அடங்க வேண்டும். விரல்கள் தாமாகவே தட்டின.

போய்ட்டு வாங்க.

வாயசைவோடு அச்சாகப் பொருந்தியது. ரேணுகா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த ஊரில் வீட்டுக்கு வந்த யாரையும் போ என்று சொல்லி அனுப்புவதில்லை. பால்காரரை, கேஸ் போடுகிறவரை, பிடிக்காத சொந்தத்தைக்கூடத் திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புகிறோம். அவளும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். அவள் வாயால். அவள் வாசலில் நின்று.

லேப்டாப் அணைந்தது.

வீடு முழுக்க இருட்டு. மழைச் சத்தம் தூரமாகக் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தடவினாள். மேல் தாழ்ப்பாள் இருக்கிறது. கீழ்த் தாழ்ப்பாள் இருக்கிறது. சங்கிலி இருக்கிறது. மூச்சு வந்தது.

மூச்சோடு அந்த வாடையும் வந்தது. உப்பு. சேறு. வெளியிலிருந்து இல்லை.

உள்ளறையிலிருந்து.

துணி அடித்துக்கொள்ளும் சத்தம். படபட. படபட. மின்விசிறி என்று நினைத்தாள். கரண்ட் இல்லை.

"திவ்யா."

 வேறு குரல் ஒன்று, தாழ்ந்து, கனிவாக, யாருக்கோ சொல்லிக்கொடுப்பது போல் கேட்டது.

"மூடு. தொற. மூடு. அவ்ளோதாம்மா."

போனின் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது. அறைக்கதவைத் தள்ளினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. துண்டு பறந்துகொண்டிருந்தது. திவ்யா விழித்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

"போ," என்றாள் ரேணுகா. ஆயுளில் யாரிடமும் சொல்லாத சொல். தொண்டை கிழியக் கத்தினாள். "போ!"

அவர் திரும்பவில்லை.

"போய்ட்டு வந்துட்டன்மா."

வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. திவ்யா வலது கையை அவர் மடி மேல் நேராக நீட்டியிருந்தாள், ரத்தம் கொடுக்கிறவர்கள் நீட்டுவது போல. விரல்கள் மூடின. திறந்தன. மூடின. ஒவ்வொரு முறையும் கை இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சேலைத்தூளி. அதன் விளிம்பைத் தாண்டி, விரல் நீளம்கூட இல்லாத கை ஒன்று வெளியே நீண்டிருந்தது.

அதுவும் மூடியது. திறந்தது. மூடியது.