மே நான்கின் மெழுகுதிரிகள்

யோகலிங்கம் மாடிப்படி ஏறி வந்தபோது தவமலர் தட்டச்சு இயந்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கணிதத்தில் பட்டம் பெற்றவள். அவள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றைக் கண்ட முதல் ஆள். அந்தப் பட்டத்துக்கு லண்டன் கொடுத்த வேலை, ஹரோவில் ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில், இன்சூரன்ஸ் மோசடிகளைத் துப்புத் துலக்கும் கிரிஜாவுக்குக் கடிதம் அடிப்பது. கோபம் அவளிடம் எப்போதும் கைவசம் இருந்தது. யார்மேல் காட்டுவது என்பதுதான் நாளுக்கு நாள் மாறும்.

1990 மே ஐந்து, சனிக்கிழமை. பெற்றோல் நிலையச் சீருடையோடு வந்து உட்கார்ந்த யோகலிங்கம், தம்பி கணேசலிங்கத்தைக் காணவில்லை என்றார். வீட்டுக்காரக் கிழவியையும் காணவில்லை என்றார்.

கிழவியின் பெயர் போடில். டென்மார்க்காரி, எழுபது தாண்டியவள். மேல்மாடியில் தான் இருந்துகொண்டு, கீழ் அறைகளை யோகலிங்கம், கணேசலிங்கம், சேகர் என்ற மூன்று யாழ்ப்பாணத்தவருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கணேசலிங்கத்தின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பும் உத்தரவும் வந்துவிட்டது. புதன்கிழமை விடியற்காலை குடிவரவு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் எந்த அறையில் எந்தக் கட்டிலில் படுப்பான் என்பதுவரை தெரிந்து வந்தார்கள். முதல்நாள் யாருக்காகவோ ஷிப்ட் மாற்றிக்கொண்டதால் தப்பினான். கூரைக்குக் கீழே இருந்த லொஃப்ட் வரை புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரம் போடில் ஒவ்வொருவராகக் குசினிக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கோப்பி கொடுத்துப் பேசினாள். முதலில் யோகலிங்கம், பிறகு சேகர். கணேசலிங்கத்தைச் சட்டன் என்ற ஊரில் ஒரு சிநேகிதி வீட்டில் வைக்கப்போவதாகவும், அதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்றும் யோகலிங்கத்திடம் சொன்னாள். மறுநாள் காலை போடிலும் இல்லை, கணேசலிங்கமும் இல்லை. சட்டனுக்குப் போன் எடுத்தால், அப்படி யாரும் வரவில்லை, அவர்களைத் தேடியும் யாரும் வரவில்லை என்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை காலமை அவவின்ர தோட்டக் கொட்டிலை உடைச்சுத் தேடியிருக்கிறாங்கள்," என்றார் யோகலிங்கம். கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்து அவள் உருளைக்கிழங்கு போடும் துண்டு நிலம் அது. பக்கத்துத் துண்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். "அதே நாள் பின்னேரம் நான் வேலையால வரேக்க மேல் யன்னல்ல ரெண்டு மெழுகுதிரி எரிஞ்சுகொண்டு நிண்டது. வந்திட்டா எண்டு ஓடிப்போய்த் தட்டினன். கதவு பூட்டு. ஒரு சத்தமில்லை."

"போன வருஷமும் ஏத்தினாங்களா?" என்று கேட்டாள் கிரிஜா.

"ஓம், வருசா வருசம் மே நாலு. அவையின்ர நாட்டில ஏதோ நினைவு நாளாம்."

கிரிஜா அதற்குமேல் கேட்கவில்லை. யோகலிங்கத்தின் பயம் வேறு. போடிலின் தமக்கை மகன் பீற்றர், இன்று மாலைக்குள் சித்தி வராவிட்டால் பொலிசுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். பொலிஸ் வந்தால் வீடு மறுபடியும் புரளும். வழக்கறிஞர் தடை உத்தரவு கேட்கலாம்; ஆனால் திங்கட்கிழமை பாங்க் ஹொலிடே. செவ்வாய்க்கு முன் நீதிமன்றம் திறக்காது.

"அதுக்குள்ள பிடிபட்டால் பிளேனில ஏத்திப்போடுவாங்கள், தங்கச்சி. கொழும்பில இறங்கினால் அவன்ர கதை முடிஞ்சுது."

பஸ்ஸில் போகும்போதே தவமலர் தீர்ப்பு எழுதிவிட்டாள். "பீற்றர்தான் அக்கா. பொடியளைக் கலைச்சுப்போட்டு வீட்டை விக்கப் பாக்கிறான்."

"இருக்கலாம்," என்றாள் கிரிஜா. அவள் அப்படிச் சொன்னால் இல்லை என்று பொருள். ஏன் இல்லை என்று மட்டும் சொல்லமாட்டாள். அதுவே தவமலருக்கு எரிச்சல்.

போடிலின் வீட்டு வாசலில் பீற்றர் காருக்குள் இருந்தான். தவமலர் முகத்துக்கு நேரே கேட்டாள், வீட்டுக்கு ஆசையா என்று. ஆமாம், விற்கத்தான் சொல்கிறேன், அந்தப் படிக்கட்டு ஒருநாள் அவளைக் கொன்றுவிடும் என்றான் அவன், கூச்சமே இல்லாமல். போடில் புதன் இரவு அவனுக்குப் போன் செய்து, இல்ஃபோர்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் பையனை வைப்பதாகச் சொல்லியிருந்தாள். நேற்று முழுக்க அங்கே காத்து நின்றானாம். சித்தியும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை.

பிறகு, யாரும் கேட்காமலே, போடிலைப் பற்றிப் பேசத் தொடங்கினான். ஜெர்மன்காரர் கோப்பன்ஹேகனைப் பிடித்திருந்த காலத்தில் அவள் பூக்கடையில் வேலை செய்த இளம்பெண். மலர்வளையப் பெட்டிக்குள் தடைசெய்யப்பட்ட பத்திரிகை போகும். அதன்மேல் லில்லிப் பூ இருக்கும். சில சமயம், செத்த ஜெர்மன் அதிகாரிக்குப் போகிற வளையமாகவே இருக்கும். யூதர்களைப் பிடிக்கத் தொடங்கிய அக்டோபரில், குடும்பம் குடும்பமாக ஒளித்து வைத்து மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்கு அனுப்பினாள்.

"அவள் இருந்த மாடியில்தான் அம்மாவும் இருந்தாள். அந்தக் கட்டடத்தைப் பொலிஸ் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனது. அதே வாரம் அம்மாவின் கட்டிலுக்கு நேர்மேலே ஏழு பேர் ஒளிந்திருந்தார்கள். அம்மாவுக்கு அது தெரிந்தது யுத்தம் முடிந்த பிறகு." பீற்றர் ஸ்டியரிங்கைத் தடவினான். "சித்தியைப் பிடித்து அடித்தார்கள். இடதுகை விரல்கள் இன்றும் மடியாது. ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை."

தவமலர் அவனைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் வாயிலேயே நின்றன. கணித வகுப்பில் அவளுக்கு யாரும் சொல்லித் தராத கணக்கு இது: தன் விரல்களை ஒரு பக்கமும், முகம் தெரியாத ஏழு பேரை மறுபக்கமும் வைத்துப் பார்க்கிற கணக்கு.

சேகர் உள்ளே, அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். "எனக்கொண்டும் தெரியாது அக்கா. அந்த மனிசி என்னோட கதைக்கிறதே இல்லை."

வெளியே வந்து கிரிஜா மேல் யன்னலை அண்ணாந்து பார்த்தாள். உருகிய மெழுகுதிரிக் கட்டைகள் இரண்டு கண்ணாடியோரம் நின்றன. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாரையும் முன்னறைக்குக் கூப்பிடச் சொன்னாள்.

பீற்றருக்காக ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள், குரலை உயர்த்தாமல்.

"அதிகாரிகளுக்குக் கட்டில்கூடத் தெரிந்திருந்தது. காட்டிக்கொடுத்தவர் இந்த வீட்டை அறிந்தவர் என்று போடிலுக்கு அன்றே புரிந்துவிட்டது. அவள் பழகிய வேலை இது. சந்தேகம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடம் சொன்னாள். எந்த இடத்துக்கு வேட்டைக்காரர் வருகிறார்களோ, அந்த இடத்தைக் கேட்டவர்தான் ஆள். யோகலிங்கத்துக்குச் சட்டன், அங்கே யாரும் போகவில்லை. பீற்றருக்கு இல்ஃபோர்ட், அங்கேயும் யாரும் போகவில்லை. அவர்கள் உடைத்தது தோட்டக் கொட்டிலை. அதை யாரிடம் சொன்னாள்?"

பீற்றர் யோகலிங்கத்தைப் பார்த்தான். யோகலிங்கம் சேகரைப் பார்த்தார்.

கிரிஜா தமிழுக்கு மாறினாள். "மூணு பேர்ல ரெண்டு பேர் தங்களுக்குச் சொன்ன இடத்தை மறைக்கலை சேகர். நீங்க மட்டும் அவங்க பேசவே இல்லைன்னீங்க. புதன்கிழமை நீங்க குசினிலேருந்து வெளிய வந்ததை யோகலிங்கம் பாத்திருக்கார். கோப்பி குடிச்சுட்டு, கொட்டில்னு கேட்டுட்டு வந்தீங்க. ஆமாவா, இல்லையா?"

சேகர் நிலத்தைப் பார்த்தான். விசா அலுவல் பார்க்கிற ஒரு ஏஜென்ற் சொன்னான் என்றான். ஒரு பெயர் கொடுத்தால் உன் பேப்பர் கெதியாய் நகரும் என்றானாம்.

"எங்கட ஆள்," என்றாள் தவமலர். "ஒரே பானையில சோறு திண்டவன். நான் வெள்ளைக்காரனைத் தேடிக்கொண்டு திரிஞ்சன்."

யோகலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று, பிறகு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். செவ்வாய் வரை சேகரைத் தன் கண்பார்வையில் வைத்திருப்பதாக மட்டும் சொன்னார். சித்தி எங்கே என்று பீற்றர் கேட்டான். உங்களிடம் முழுதாகச் சொல்லாமல் போனது வேண்டுமென்றுதான், ஆகவே நானும் சொல்லப்போவதில்லை என்றாள் கிரிஜா. அவன் முதல்முறையாகச் சிரித்தான். அம்மாவுக்கும் இதுதான் நடந்தது என்றான். பொலிசுக்குப் போகவில்லை.

தெருமுனை திரும்பியதும் தவமலர் வழிமறித்தாள். "எனக்கெண்டாலும் சொல்லுங்கோ. எங்க இருக்கினம்?"

"ஆள் இல்லாத மேல்மாடியில மெழுகுவர்த்தி எப்படி எரியும், மலர்? உள்ளேதான் இருக்காங்க. அந்த லொஃப்டை ஏற்கெனவே தேடியாச்சு. தேடி முடிச்ச இடத்தை விடப் பத்திரமான இடம் கிடையாதுன்னு அவங்களுக்கு அந்தக் காலத்திலேயே தெரியும்."

"அப்ப ஏன் யன்னல்ல போய் விளக்கு வைச்சவ? காட்டிக்குடுத்த மாதிரியெல்லோ?"

"அது ஒண்ணுதான் அவங்க பண்ண தப்பு. ஏன்னு அவங்ககிட்டயே கேளு."

செவ்வாய்க்கிழமை தடை உத்தரவு கிடைத்தது. கணேசலிங்கம், லொஃப்ட் தூசியோடு, அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதான். பின்னேரம் போடில் கிரிஜாவுக்கும் தவமலருக்கும் குசினியில் கோப்பி ஊற்றினாள், மடியாத விரல்களால் கோப்பையை அணைத்துப் பிடித்தபடி. தவமலர் மெழுகுதிரியைப் பற்றிக் கேட்டாள்.

"ஐந்து வருஷம் ஒவ்வொரு யன்னலிலும் கறுப்புத் திரை," என்றாள் போடில். "மே நாலாம் திகதி ஜெர்மன்காரர் சரணடைந்த செய்தி ரேடியோவில் வந்தது. நகரமே திரையைக் கிழித்து எறிந்துவிட்டு யன்னலில் விளக்கு வைத்தது. பிழை என்று தெரியும், பெண்ணே. அந்த இரவில் என் யன்னலை இருட்டாக விட என்னால் முடியாது."

"சேகரை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றாள் தவமலர்.

"அந்தக் காலத்தில் காட்டிக்கொடுத்தவனைச் சுடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பேக்கரிக்காரனைச் சுட்டார்கள். அவன் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் மூன்று இடம் சொன்னேன், நிச்சயமாகத் தெரியவேண்டும்." அவள் கோப்பையை வைத்தாள். "தெரிந்துவிட்டது. அவனை லொஃப்டில் இருக்கச் சொன்னேன். கணேசலிங்கம் இருந்த அத்தனை நாட்கள். படியில் கேட்கிற ஒவ்வொரு காலடியும் யாருடையது என்று நினைத்துக்கொண்டு இருக்கட்டும்."

"ஓடிப்போய்விட மாட்டானா?"

"கதவைப் பூட்டவில்லை."

தலைக்கு மேலே, கூரையோரம், பலகை ஒன்று மெல்ல முனகியது. யாரோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்த சத்தம். தவமலர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வழக்கம்போல் கைவசம் இருந்தது. அன்று அதை எங்கே வைப்பதென்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.