வேறொருவர் பயன்பாட்டில்

கம்ப்யூட்டர்காரர் மதியம் வந்தார். மாடி அறையில் பெட்டி திறந்து கிடந்தது. கருகிய பிளாஸ்டிக் வாசனை ஒன்பது நாளாகியும் போகவில்லை.

"எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க தம்பி," என்றார் கணவர். "என் மூத்த சம்சாரத்தோட போட்டோ, குரல் எல்லாம் அதுலதான். வேற எங்கயும் இல்ல." சொல்லிவிட்டுக் கீழே போனார்.

இளையாள் கதவோரம் நின்றாள். மூத்தாள் இறந்து நான்கு வருடம். இவளுக்குக் கல்யாணமாகி இரண்டு. இந்த ஒன்பது நாளும் கணவர் சாப்பிட்டதும் மாடிக்கு ஏறவில்லை. இவளோடு உட்கார்ந்து பேசினார். ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார்.

"கிடைக்கலன்னு சொல்லிடுங்களேன்," என்று கிசுகிசுத்தாள்.

அவர் நிமிரவில்லை. "போனது சிஸ்டம் இருந்த டிஸ்க் மட்டும்தான்க்கா. சமையல்காரர் ஓடிட்ட மாதிரின்னு வச்சுக்கங்க, சரக்கு ரூம் அப்படியே இருக்கு. புது ஆளை உள்ள விடணும், அவ்ளோதான்."

புதிய டிஸ்க்கைப் பொருத்தினார். பழைய டிஸ்க்குகள் நான்கும் உறுமத் தொடங்கின. நான்கும் சேர்ந்து ஒரே சேமிப்பு என்றார். திரையில் அதன் பெயர் வந்தது. கீழே ஒரு வரி.

இது வேறொருவர் பயன்பாட்டில் இருக்கிறது.

"யாரு?"

"பழைய சிஸ்டம்தான். சாகும்போது பிடியை விடாமப் போயிருக்கு. வலுக்கட்டாயமா இழுத்துக்கலாம்." அவர் விரல்கள் நின்றன. "ஆனா அந்தப் பக்கம் நிஜமாவே யாராச்சும் திறந்து வச்சிருந்தா இழுக்கக் கூடாது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதி எல்லாம் நாசமாயிடும்."

"செத்தவங்க எங்க எழுதப் போறாங்க?"

அவர் சிரித்தார். "கடைசியா எழுதினது... இன்னைக்கு மூணு பத்து."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு.

"உள்ள இருக்குற நேரம் தப்பா இருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்.

கணவர் வந்து திரை முன் உட்கார்ந்தார். ஒரு பெண் குரல் அவரைச் செல்லமாகக் கூப்பிட்டது. அவர் முகம் மலர்ந்தது. இவளைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. இளையாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கம்ப்யூட்டர்காரரை வழியனுப்ப அவர் வாசலுக்குப் போனார்.

அறையில் டிஸ்க்குகளின் முனகல் மட்டும்.

இளையாள் திரையருகே போனாள். இரண்டே கோப்புறைகள். மூத்தாள் பெயரில் ஒன்று. தன் பெயரில் ஒன்று, கல்யாணப் படங்களோடு. மூத்தாளுடையதைத் தொட்டு நீக்கச் சொன்னாள்.

அழிக்கவா என்றது.

"நாலு வருஷமாச்சு. போதும்டி, போ."

அழுத்தினாள். எண்கள் ஓடின. பின்கழுத்தில் குளிர்ந்தது. ஈரத் தலைமுடியின் வாசனை.

அவள் திரும்பவில்லை.

திரையில் ஒரு கோப்புறைதான் மிஞ்சியது.

மூத்தாளுடையது.

தன்னுடையதைத் தேடினாள். அப்படி ஒன்று இருந்த தடமே இல்லை.

படியில் காலடி. ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்தாள். "என்னங்க..."

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கோபமில்லை. மரியாதையாகத்தான் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? மேல யாரு விட்டது?"

பிறகு கீழ்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இங்க யாரோ வந்திருக்காங்க, பாரேன்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.