அசையாத ஊசி

"உங்க பேர் என்ன?"

ப்ரூஃப் ரீடர் பேரைச் சொன்னார்.

ஊசி எகிறியது.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். "சொந்தப் பேருக்கே இந்தக் குதி குதிக்குதே. கொலைக்கு என்ன பண்ணப் போகுதோ..."

சனிக்கிழமை மதியம் அந்த அச்சகத்தின் முதலாளி, பேப்பர் வெட்டும் மெஷினடியில் மண்டை உடைந்து கிடந்தார். அங்கே அச்சான பரீட்சைக் கேள்வித்தாள் எப்படி வெளியே போனது என்று விசாரிக்க, அன்று இரண்டே பேரைத்தான் வரச் சொல்லியிருந்தார்.

மேனேஜர்.

ப்ரூஃப் ரீடர். அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'கமா'. விட்டுப்போன ஒரு கமாவுக்காக ஆளைத் தேடி வீடு வரை வந்துவிடுவார்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்து, வியாழக்கிழமை இருவரையும் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வியாழன். முதலாளி அறையில் மெஷின். அதை இயக்க ஒரு பெண். கமாவின் மார்பில் பட்டை. விரலில் கிளிப். நெஞ்சுக்குள் யாரோ இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்... நாலு நாளாக.

"முதலாளியை நீங்க அடிச்சீங்களா?"

"இல்லை."

ஊசி காகிதத்தின் விளிம்பைத் தொட்டது.

"இப்ப மணி பதினொண்ணா?"

"ஆமா."

அதற்கும் எகிறியது.

"சார், இது மாத்திரை பண்ற வேலை. படபடப்புக்கு ஆறு வருஷமா சாப்பிட்டேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொன்னார். முழுசு, அரை, அப்புறம் கால். பிளேடால வெட்டி, பொட்டலம் கட்டி, சிவப்பு மையில தேதி போட்டு இங்க என் டிராயர்ல வெச்சிருந்தேன். பன்னிரண்டு பொட்டலம், எல்லாம் கால் மாத்திரை. திங்கக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா ஒண்ணு கூட இல்லை. பட்டுன்னு நின்னா உடம்பு இப்படித்தான் ஆடும்."

"வேற வாங்க வேண்டியதுதானே?"

"சீட்டு இல்லாம கடையில தர மாட்டாங்க. டாக்டர் ஊர்ல இல்லை, நாளைக்குத்தான் வர்றார். மேனேஜர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். எலி தூக்கிட்டுப் போயிருக்கும்னார்."

"எலிக்கும் படபடப்பா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

கமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். மூடினால் ஊசி பேசுகிறது.

மேஜைமேல் அவருடைய போன் அடித்தது. மனைவி. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. கேக்குதா? நேத்தும் இப்பவே போயிடுவேன்னு உயில் எழுதற மாதிரி பேசினீங்க. சாயந்திரம் ஏணி போட்டு பல்பு மாட்டினீங்க."

"மெதுவா பேசு. இங்க போலீஸ் இருக்கு."

"இருக்கட்டுமே. அவங்களும் சேர்ந்து மூச்சு விடட்டும்."

கமா கண்ணை மூடினார். நாலு... ஆறு... நாலு... ஆறு... தண்ணீர் கேட்டு வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டார். உள்ளே தட்டுவது நிற்கவில்லை. கொஞ்சம் மரியாதையாகத் தட்டியது.

இன்ஸ்பெக்டர் இன்னொரு காகிதத்தை விரித்தார். "மேனேஜரோடது. காலையில எடுத்தது. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு பாருங்க. கொலைக் கேள்விக்குக் கூட அசையலை. நீங்க வண்டியில ஏறுங்க, மீதியை ஸ்டேஷன்ல பேசலாம்."

இருபத்தேழு வருடங்களாக இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கமாவின் பிழைப்பு. கை தானாக நீண்டது. நடுங்கும் விரல் வரி வரியாக இறங்கியது...

ஏழாவது கேள்வியில் நின்றது.

"ஓரத்துல என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் கமா.

மெஷினை இயக்கிய பெண் எட்டிப் பார்த்தாள். "கதவுச் சத்தம்னு சார். காத்துல கதவு டமால்னு அறைஞ்சது. வெளியில சத்தம் வந்தா குறிச்சு வைக்கணும். நானே நாற்காலியை விட்டு எழுந்துட்டேன்."

"மேனேஜர்?"

"அவர்..."

அவள் கோட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அசையவே இல்லை சார்."

கமா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கொலைக் கேள்விக்கு அசையலைன்னா நல்லவர்னு வெச்சுக்கலாம். கதவுக்கு?"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை இழுத்துப் பார்த்தார்.

"மெஷின் வருதுன்னு நீங்க சொன்னது திங்கக்கிழமை காலையில. என் பொட்டலம் காணாமப் போனது அன்னைக்கு மத்தியானம்."

இன்ஸ்பெக்டர் வெளி அறைக்கு விரைந்தார். கமா மார்புப் பட்டையோடு பின்னாலேயே போனார்.

மேனேஜர் சோபாவில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் கசங்கிய பொட்டலங்கள். சிவப்பு மையில் தேதிகள். பத்து காலி. இரண்டு அப்படியே இருந்தன.

"பழக்கமில்லாத உடம்பு சார்," என்றார் கமா. "பத்துக் கால் மாத்திரையையும் மொத்தமா போட்டிருக்கார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. ரத்தம் எடுக்கணும்."

கமா கையை நீட்டினார். "அந்த ரெண்டு பொட்டலம்..."

"சாட்சிப் பொருள். கேஸ் முடிஞ்சதும் தருவோம்."

கமா நாலு எண்ணி இழுத்தார். ஆறு எண்ணி விட்டார்.

"தட்டி எழுப்புய்யா அவனை," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பார்த்து எழுப்பச் சொல்லுங்க சார்," என்றார் கமா. "அது என்னோட தூக்கம்."