மரத்துக்கு ஜாமீன்

வாசல் பலகையில் மறுவாழ்வு இல்லம் என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளே நீளக் கூடம், சுண்ணாம்பு உதிரும் சுவர், ஓடாத மின்விசிறி. பஸ்ராவில் இதை விட்டால் வேறு இடம் இல்லை என்றார்கள். என் மகன் தாகிலை அங்கேதான் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

அவன் பேரீச்ச மரத்திலிருந்து விழுந்தவன். ஆண் பாளையின் மகரந்தக் கதிரைப் பெண் பாளையில் செருகிக் கட்ட, எங்கள் தோட்டத்திலேயே உயரமான மரத்தில் ஏறினான். கட்டினால்தான் பழத்தில் கொட்டை பிடிக்கும். இல்லையென்றால் வெறும் சக்கை. கட்டுவதற்கு முன்பே இடுப்புக் கயிறு அறுந்தது. முதுகெலும்பு உடைந்தது. அதன் பிறகு அந்த மரத்தில் நான் யாரையும் ஏற விடவில்லை.

பயிற்சி கொடுக்கும் அன்மார் ஊசியால் அவன் உடம்பைக் குத்திக்கொண்டே வந்து, தொப்புள் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டான்.

"இதுக்கு மேல உணர்ச்சி இருக்கு, அபூ தாகில். கீழ இல்ல" என்றான். தாகிலின் வாப்பா என்பதுதான் எங்கள் ஊரில் என்னைக் கூப்பிடும் பெயர்.

"கால் வருமா?"

"கையைப் பலமாக்கிடலாம். சக்கர நாற்காலியில உட்கார்ந்து தன் வேலையை அவனே பார்த்துக்கலாம்."

"நான் கேட்டது காலை."

அவன் பேனாவை மூடினான். கேட்டதற்குப் பதில் சொல்லாதவனை நான் நம்புவதில்லை.

அங்கே நோயாளியை வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் மருமகள் ஷுக்ரிய்யாவும் மாறி மாறி இருந்தோம். முதுகில் புண் வராமல் அவனைப் புரட்டிப் படுக்க வைப்போம். கைக்கண்ணாடி பிடித்துக் குதிகாலில் புண் இருக்கிறதா என்று பார்ப்போம்.

"மாமா, ஆட்டுக்குட்டியைப் புரட்டுற மாதிரி புரட்டாதீங்க" என்பாள் ஷுக்ரிய்யா.

"ஆட்டுக்குட்டின்னா இந்நேரம் வாப்பாவை உதைச்சிருக்கும். நான் எவ்வளவு சாது பாரு" என்பான் தாகில். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு வெயில் ஏறியது. நடுப்பகலில் மின்சாரம் போகும். கூடம் முழுக்கத் தூங்கும். அப்படி ஒரு நண்பகலில்தான் அந்த வாசனை வந்தது. பச்சை மாவைப் பிசைந்த மாதிரி கனமான வாசனை. ஆண் பாளையின் வாசனை. பாளைக் காலமோ எப்போதோ முடிந்துவிட்டது.

அப்புறம் சத்தம்.

சரக்.

கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சரக்.

மரம் ஏறுகிறவன் வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியும். இடுப்புக் கயிறு மேலே எகிறி மரத்தில் பிடிக்கும் சத்தம். தாகிலின் தலைமாட்டுச் சுவரில் கேட்டது. பிறகு அதற்கும் மேலே. பிறகு கூரையில்.

தாகில் கண் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறிட்டிருக்கேன் வாப்பா."

"எங்கடா?"

"என் கால் கீழ விழவே இல்ல. மரத்துலதான் இருக்கு. மட்டை குத்துது."

அவன் முகம் சுளித்தது. ஊசி குத்தினாலும் தெரியாத கால் அது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் புதிதாகக் கீறல்.

எலி பிராண்டியிருக்கும் என்றான் அன்மார். ஆனால் அன்று ஊசியால் குத்திப் பார்த்தவன் தொப்புளுக்கு மேலே புதிதாக ஒரு கோடு போட்டான். அடுத்த முறை அதற்கும் மேலே. பழைய கோடுகளை வியர்வையும் அழிக்கவில்லை. ஏணிப்படி மாதிரி மகன் வயிற்றில் ஏறி, விலாவுக்கு வந்தன.

"இப்படி ஏறக் கூடாது" என்றான் அன்மார். "பெரிய டாக்டருக்கும் காரணம் தெரியல. கழுத்துக்குப் போச்சுன்னா மூச்சு நின்னுடும்."

தாகில் பயிற்சியை விட்டான். சோறு ஊட்டினால் வாயிலேயே வைத்திருந்தான்.

"மேல காத்து நல்லா இருக்கு வாப்பா" என்று முணுமுணுத்தான். "மிச்சமும் போயிடட்டுமே."

மரத்தை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் காய்க்காத மரத்தை மிரட்டுவது உண்டு. ஒருவன் கோடாலியை ஓங்குவான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்து, விடு, அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்பான். ஜாமீன் நின்றுவிட்டால் ஓங்கிய கோடாலியை வெட்டாமல் தாழ்த்தியாக வேண்டும். நின்றவன் அந்த மரத்துக்குக் கட்டுப்பட்டவன். அதைக் காய்க்க வைத்துக் கவனிப்பது இனி அவன் பொறுப்பு. ஆள் கூட்டிப் போனால் குறுக்கே விழுவான் என்று எனக்குத் தெரியும். எவனையும் கூட்டிப் போகவில்லை.

"தனியா மரத்து முன்னாடி கோடாலி ஓங்காதீங்க மாமா" என்றாள் ஷுக்ரிய்யா. "யாருமே அப்படிச் செய்ய மாட்டாங்க."

"நீ உன் புருஷனைப் பாரு."

தோட்டத்தில் உச்சி வெயில். ஓலை அசையவில்லை. மரத்தடியில் நின்று கோடாலியை ஓங்கினேன்.

"என் மகனைக் குடுத்துடு. இல்லன்னா உன்னை விறகாக்கிடுவேன்."

சரக்.

மேலே.

"விடுங்க வாப்பா."

தாகிலின் குரல்.

நிமிர்ந்தேன். கண்ணைக் கூசும் வெயில். மட்டைகளுக்கு நடுவே இரண்டு உள்ளங்கால்கள், விரல்களால் மரத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. முழங்காலும் தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. வானம்தான்.

"நான் ஜாமீன்."

கோடாலி வெட்டாமல் தானாகத்தான் தாழ்ந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் ஆட்களில் எவனாலும் ஓங்க முடியாது.

"மிச்சத்தையாவது எனக்கு விட்டுடுடா" என்றேன்.

கால்கள் ஓலைக்குள் ஏறிப் போயின. என் முகத்தில் மஞ்சளாக மகரந்தம் உதிர்ந்தது.

திரும்பி வந்தபோது அன்மார் கட்டிலில் உட்கார்ந்து ஊசியும் பேனாவுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கோடு பழையபடி தொப்புளுக்கு வந்திருந்தது. தாகில் மீனும் சோறும் கேட்டானாம். ஷுக்ரிய்யா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

நான் அவன் காலைப் பார்த்தேன்.

கால் வராது. அன்மார் சொல்லும் காரணம் முதுகெலும்பு. இருக்கட்டும். நான் ஒரு ஆளைக் கூட்டிப் போயிருந்தால் அந்த ஆள் ஜாமீன் நின்றிருப்பான். கூட்டிப் போகாததால் என் மகன் நின்றான். அவன் கால் அந்த மரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

தாகில் கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகரக் கற்றான். விழுந்தான், திட்டினான், மறுபடி நகர்ந்தான். வீட்டுக்கு வந்தோம். நண்பகலில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் பார்ப்பான்.

அறுவடைக் காலத்தில் அந்த மரத்தடியில் ஒரு குலை கிடந்தது. மேலிருந்து விழுந்த குலை சிதறியிருக்கும். இது ஒரு பழமும் நசுங்காமல், கயிற்றில் கட்டி இறக்கி வைத்த குலை. எடுத்து வந்து மகன் மடியில் வைத்தேன்.

அவன் ஒரு பழத்தைப் பிய்த்தான். உள்ளே கொட்டை இருந்தது.

அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தான்.

"அந்த மரத்துக்கு வேற யாரையும் கூப்பிட வேண்டாம் வாப்பா" என்றான். "ஆள் இருக்கு."

ஷுக்ரிய்யா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாற்காலியின் கால்பலகையிலிருந்து அவன் பாதத்தைத் தூக்கியவள், அப்படியே என்னைப் பார்த்தாள்.

குதிகாலில் ஈச்ச முள் ஒன்று ஏறியிருந்தது. பச்சை முள். ரத்தம் இன்னும் காயவில்லை.