டேப்பின் மறுமுனை

சுவரில் அந்த ஒரு பட்டை மட்டும் வழவழவென்று இருந்தது.

வீட்டுக்குப் பிளான் போட வந்தவர் தொழுவத்துக்குள் நுழைந்ததும் கை வைத்தது அங்கேதான். மற்ற இடமெல்லாம் சொரசொரத்த காரை. கதவிலிருந்து இருட்டு மூலைவரை ஒரு கோடு மட்டும், யாரோ பல வருடம் தடவிக்கொண்டே நடந்ததுபோல் தேய்ந்து மினுமினுத்தது.

"மாடு உரசினா அகலமா தேயும் சார். இது உள்ளங்கை அகலம்தான் இருக்கு. உங்க மாட்டுக்குக் கை இருந்துச்சா?"

அவர் சிரித்தார். தொழுவத்துக்குச் சொந்தக்காரனான அவனும் சிரித்து வைத்தான்.

"வைக்கோல் அடுக்குவோம். அது உரசியிருக்கும்."

"எதுக்குக் கேக்கறேன்னா, அப்ளிகேஷன்ல ஏழாவது கேள்வியே அதுதான். 'இக்கட்டடத்தில் மனிதர் எவரேனும் வசித்ததுண்டா?' மாடு, வைக்கோல்னா வீடா மாத்த நேரா அனுமதி கொடுத்துடுவாங்க. ஆள் இருந்த இடம்னா ஃபைல் வேற மேஜைக்குப் போயிடும். யாரு, எத்தனை வருஷம், இப்ப எங்கேன்னு அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. 'இல்லை'ன்னு போட்டுடவா?"

"போடுங்க."

மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மனைவி ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். அவனுக்கு ஒரு அக்கா இருந்தது அவளுக்குத் தெரியாது.

அக்காவுக்குப் பேச்சு வராது, சத்தம் மட்டும்தான் வரும். விருந்தாளிகள் வந்தால் அவளைத் தொழுவத்தில் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். போகப் போக அங்கேயே விட்டுவிட்டார்கள். கேட்பவர்களிடம், தூரத்து உறவில் வளர்கிறாள் என்று சொல்லியாயிற்று. அவனுக்குப் பதினைந்து வயதில் அம்மா ஆபரேஷனுக்காக நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்காவுக்குச் சோற்றுத் தட்டு கொண்டுபோவது அவன் பொறுப்பு. முதல் நாள் வகுப்புப் பையன்கள் விளையாட வந்திருந்தார்கள். கதவைத் திறந்தால் அக்கா சத்தம் போடுவாள். இது யாருடா என்பார்கள். வெட்கம். அவ்வளவுதான் காரணம். முதல் நாள் போகாதவனுக்கு இரண்டாம் நாள் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் உள்ளே சத்தமே இல்லை.

அம்மா வந்துதான் திறந்தாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

"இந்த முனையை வாசக்கால்ல வெச்சுப் பிடிச்சுக்கோங்க சார். ஆடாம நில்லுங்க, போட்டோ எடுக்கிற மாதிரி."

டேப் பெட்டியைச் சுழலவிட்டபடி அவர் உள்ளே நடந்தார். வெளியே பகல் பதினோரு மணி வெயில் கொளுத்தியது; தொழுவத்தின் பாதிக்குமேல் அது எட்டவில்லை. அவர் சட்டை மங்கி மறைந்தது. செருப்புச் சத்தம், ஒரு இருமல், பழைய வைக்கோலும் உலர்ந்த சாணமும் கலந்த நெடி, அந்த நெடிக்கு அடியிலிருந்து மெல்ல மேலேறி வந்த, பல நாள் எண்ணெய் காணாத தலைமுடியின் புளித்த வாடை. அவன் வாயால் மூச்சுவிட்டான்.

"முப்பத்தோரு அடி!" என்றது இருட்டு.

பிறகு எதுவுமில்லை. டேப் விறைப்பாக நின்றது. அவன் ஆடாமல் பிடித்திருந்தான்.

"ஆமாம்மா, சைட்லதான் இருக்கேன். சாப்பிட வந்துடுவேன்."

குரல் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

திரும்பினான். பிளான்காரர் வெளியே, தன் வண்டி அருகில், காதில் போனோடு நின்றார். அவனைப் பார்த்துக் கையாட்டினார். "உள்ள சிக்னல் இல்ல சார்! சாணம் தள்ற பின்வழியில ஆணியடிச்ச பலகை உளுத்திருந்துச்சு, தள்ளிட்டு வந்துட்டேன். டேப்பை அப்படியே தரையில வெச்சிருக்கேன்!"

தரையில் வைத்த டேப் விறைப்பாக நிற்காது.

அது நின்றது. அவன் நெஞ்சு உயரத்தில், நேராக, இருட்டுக்குள் போயிற்று.

ஒரு இழுப்பு. மீன் தூண்டிலைக் கடிப்பதுபோல, லேசாக.

இன்னொன்று.

விட்டுவிடலாம். விட்டால் டேப் சரசரவென்று உள்ளே இழுபடும். அவர் பார்ப்பார். என்ன சார் என்று கேட்டு டார்ச்சோடு உள்ளே போவார்.

அவன் விடவில்லை.

கிர்ர்ர். டேப் சுற்றும் கைப்பிடியின் சத்தம். நின்றது. மறுபடி கிர்ர்ர். டேப் தொய்யவில்லை. குட்டையாகிக்கொண்டே வந்தது. முப்பத்தொரு அடி இருபதாயிற்று. பதினைந்து. வெறுங்கால் வைக்கோலில் தேய்ந்தது. அப்புறம் அந்தச் சத்தம். தொண்டைக்குள்ளிருந்து. அவனைப் பார்த்தால் மட்டும் வரும் சத்தம். சந்தோஷத்தில்.

"சத்தம் போடாதேக்கா," என்றான் கிசுகிசுப்பாக. "வெளிய ஆள் இருக்காங்க."

அது பெரிதாயிற்று.

"சார்?" வண்டிக் கதவு சாத்தும் சத்தம். "யார்கிட்ட பேசறீங்க?"

"யாருமில்லைங்க!"

"உள்ள என்னமோ கத்துற மாதிரி இருக்கே. இருங்க, வர்றேன்."

ஏழு அடி. ஐந்து.

பிளான்காரரின் காலடி நெருங்கியது. இன்னும் நாலு எட்டில் வாசல். எட்டிப் பார்ப்பார். இது யாரு சார் என்பார்.

அவன் ஒரு அடி உள்ளே வைத்தான். கதவைப் பிடித்து இழுத்தான். வெயில் ஒரு கோடாக ஒடுங்கியது. நூலானது. அறுந்தது.

இருட்டு.

டேப் கையிலிருந்து விழுந்தது. சத்தம் நின்றுவிட்டது. குளிர்ந்த விரல்கள் அவன் கன்னத்தில் பட்டன. மூக்கு. மீசை. உதடு. உதட்டைப் பிரித்தன. பல்லைத் தாண்டி நாக்கின்மேல் ஊர்ந்து, அவன் காலையில் சாப்பிட்டதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று, பொறுமையாகத் தேடத் தொடங்கின.