ஆறாவது சுருளில் ஒரு மனைவி

மரக்காணம் உப்பளத்தின் நடுவிலிருந்த அந்தக் கிடங்குக்கு, பழைய படங்களைப் புதுப்பிக்கிற பெஞ்சமின் வந்து மூன்று நாளாகிறது. அங்கே கிடைத்த படச்சுருள்கள் தொட்டால் உதிர்கிற நிலை. அந்தக் காலத்துப் பிலிம் சூடு தாங்காது; சித்திரை வெயிலில் வண்டியில் ஏற்றினால் தீப்பிடித்துவிடும். அதனால் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற மெஷினையே புதுச்சேரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

தமிழ்ப்படம் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தது. கட்டியவள் வீட்டிலிருக்க இன்னொருத்தியைத் தேடிப் போகிறவனின் கதை. ஐந்து சுருள் ஒழுங்காகப் பேசின. ஆறாவதில், விடியற்காலையில் வீடு திரும்புகிறவனிடம் மனைவி, "நாதா, இரவு எங்கிருந்தீர்?" என்கிறாள். "நண்பன் இல்லத்தில்" என்கிறான். அவள் மறுபடி வாய் திறக்கிறாள்.

சத்தமில்லை. சரியாகப் பதினோரு விநாடி.

படச்சுருளின் ஓரத்தில் சத்தம் பதிந்திருக்கிற கோட்டைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. "பேசித் தொலையேன்!" என்று கத்தினான்.

"காலையிலேர்ந்து அந்தம்மாவையே திட்டுறீங்களே சார்," என்று சிரித்தார் கிடங்குக்காரர் அமிர்தராஜ். "சொந்தப் பொண்டாட்டிய எவனும் இப்படிப் பேசச் சொல்லிக் கெஞ்ச மாட்டான்." அவர் சாப்பிடப் போய்விட்டார்.

படங்களின் வசனத்தைக் கேட்டு டைப் செய்துதருவது பெஞ்சமினின் மனைவி மெர்லின்தான். கல்யாணமான நாளிலிருந்தே அந்த வேலை அவளுடையது. இந்த மூன்று ராத்திரியும் வானூரில் சிநேகிதன் சுரேஷ் வீட்டில் தங்குவதாக அவளிடம் சொல்லியிருந்தான். தங்கியது கீழ்புத்துப்பட்டில், யுவராணியோடு. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மெர்லின் போன வருஷமே சொல்லியிருந்தாள்.

எரிச்சல் தாங்காமல் அந்தப் பதினோரு விநாடியை அவளுக்கு அனுப்பினான். காது கூர்மையானவள். ஏதாவது பிடிபடலாம்.

அரைமணி நேரம் போனது. வெளியே உச்சிவெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைப் பறித்தன. உள்ளே மட்டும் குளிர்ந்தது. உப்புநீர் வாடைக்கு நடுவே முகப்பவுடர் வாசனை வந்தது. யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல.

போன் அடித்தது.

"டைப் பண்ணிட்டு இருக்கேங்க," என்றாள் மெர்லின்.

"உனக்குக் கேக்குதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

"கணீர்னு கேக்குது. படிக்கிறேன், கேளுங்க." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "'நாதா, சுரேஷின் இல்லத்தில் நீர் இல்லை. கீழ்புத்துப்பட்டில், யுவராணியின் அறையில் இருந்தீர்.'"

மெஷினின் ஒயரைப் பிடுங்கினான். கம்ப்யூட்டரையும் அணைத்தான்.

திரை அணையவில்லை.

அதில் அந்த உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"மெர்லின்... அது பழைய படம்மா. மொத்தமே பதினோரு விநாடிதான்."

"பாப்பா துணியெல்லாம் மடிச்சு வெச்சிட்டேன். இதக் கேட்டதுமே கெளம்பியிருப்பேன்."

"போயிடாத. நான் இப்பவே வர்றேன்," என்று கிசுகிசுத்தான்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."